என் மில்லுக்குள் நான் விசிட்டர்

போன திங்கட்கிழமை என் எண்ணெய் மில் ஆபீஸுக்குள் என்னால் தனியாகப் போக முடியவில்லை. திண்டிவனத்தில் நான் வெயிலில் நின்று கட்டிய மில். என்னை உள்ளே விடாதது யார் என்கிறீர்கள்? கதவோரம் மாட்டியிருக்கிற, சோப்பு டப்பா அளவு மிஷின்!

பயோமெட்ரிக்காம். விரலை வைத்தால்தான் கதவு திறக்கும். மகன் செந்தில் வாங்கி மாட்டியது. அவன் எம்.பி.ஏ. நான் அஞ்சாங்கிளாஸ். அந்த அஞ்சாங்கிளாஸை வைத்துக்கொண்டுதான் மூட்டை தூக்கினேன், வியாபாரம் பழகினேன், மில் வைத்தேன், அவனை எம்.பி.ஏ. ஆக்கினேன். உங்களுக்கு வாரா வாரம் பத்தியும் எழுதுகிறேன்!

மிஷினுக்கு என் விரல் பிடிபடவில்லை. காரணம் இருக்கிறது. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, ஏலத்தில் நாங்கள் எப்படித் தரம் பார்ப்போம்? மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, காயை விரலாலேயே உடைத்து, பருப்பை நசுக்கிப் பார்ப்போம். ஈரம் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு... விரல் சொல்லிவிடும். நான் சொன்ன விலைக்கு மேல் கேட்க விழுப்புரம் வியாபாரிகளே யோசிப்பார்கள். விசாரித்துப் பாருங்கள். அப்படி உடைத்து உடைத்தே ரேகை போய்விட்டது.

சனிக்கிழமை மிஷின் மாட்ட வந்த டெக்னீஷியன் என் பத்து விரலையும் வைத்துப் பார்த்தார்.

“இன்னா ஐயா, ஒரு வெரல்லகூட ரேகையே காணோம்? இன்னா வேல பண்ணீங்க?”

“திருடலப்பா. அது மட்டும் நிச்சயம்.”

சிரித்துவிட்டார். “கவலப்படாதீங்க. இதே மிஷின்ல மூஞ்சியும் பதியலாம். ரெண்டு நிமிஷ வேல. பதிஞ்சிடவா சார்?” என்று செந்திலைப் பார்த்தார்.

செந்தில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சார்...?”

“அதெல்லாம் வேணாங்க. அப்பா எப்பனா ஒரு நாளு வர்றவருதான். பெல் அடிச்சா வாட்ச்மேன் தொறப்பாரு.”

எப்பனா ஒரு நாளா? காலையில் காபி குடித்ததும் நான் போகிற இடம் வேறு எது? டெக்னீஷியன் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை போனேன். பெல் அடித்தேன். நான் வேலைக்கு வைத்த வாட்ச்மேன் ஏழுமலை ஓடி வந்தார். “இருங்க மொதலாளி, எம் வெரல வெக்கிறேன்” என்றார். வைத்தார். திறந்தது.

உள்ளே இரண்டு பார்ட்டிகளோடு செந்தில் பேசிக்கொண்டிருந்தான். ஏழுமலையைத்தான் கேட்டான்.

“யார கேட்டுத் தொறந்தீங்க?”

“மொதலாளிதாங்க வந்துகினு இருந்தாரு...”

“யாரா இருந்தாலும் எனக்கு ஒரு போன் போட்டுட்டு தொறங்க.”

ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டார். நான் உட்காரவில்லை. தண்ணீர் குடிக்க வந்தவன் மாதிரி ஒரு டம்ளர் குடித்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். வெளியே வர மட்டும் எந்த விரலும் வேண்டியதில்லை!

போன வருஷம் மில்லை அவன் பெயருக்கு எழுதி வைத்தபோதும், ரிஜிஸ்டர் ஆபீஸில் இந்த விரல் விழவில்லை. அன்றைக்கு இவன் பட்ட பேஜாரு இருக்கிறதே! “துணியில தொடச்சிட்டு வெய்யுங்கப்பா... சார், கண்ண வெச்சு எடுங்க சார், ஜல்தியா எடுங்க சார்!” கண்ணைக் காட்டினேன். வேலை முடிந்தது.

வாங்கிக்கொள்ள எத்தனை வழி இருக்கிறது, பார்த்தீர்களா?

ரேஷன் கடையில் ரேகை விழவில்லை, பேங்க்கில் விழவில்லை என்று ஜனங்கள் மிஷினைத் திட்டுகிறார்கள். அது பாவம்... யாரைச் சேர்க்கச் சொல்கிறோமோ அவர்களைச் சேர்க்கிறது. சேர்க்காதே என்று சொல்ல ஒரு மனுஷன் வேண்டும்.

மிஷின் என்னைத் தெரியாது என்றதில் எனக்கு வருத்தமே கிடையாது – அதை நான் பெற்று வளர்க்கவில்லையே!