தமயந்தி உட்காரவில்லை

தமயந்தி அக்கா வாளிக்குள் கால்களை வைத்துக்கொண்டுதான் என்னோடு பேசினார். கல்லுப்புப் போட்ட வெந்நீர். வேலை முடிந்து வந்ததும் அரை மணி நேரம் அப்படித்தான் இருப்பார். பெங்களூர் தொம்மலூரில் சொக்கநாதர் கோயிலுக்குப் பின்சந்தில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு அவருடையது.

நான்கு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பியிருந்தேன். எந்த வேலையிலும் இரண்டு மாதத்துக்கு மேல் தரிக்கவில்லை. அக்கா காவலராக இருக்கும் ஓவிய அருங்காட்சியகத்தில் அப்போது ஒரு சின்ன எழுத்து வேலை கிடைத்தது. அருங்காட்சியகம் தொடங்கி இருபத்தைந்து ஆண்டு ஆனதற்காக, நெடுங்காலம் ஆதரவு தந்த பத்துப் பேரைப் பாராட்டப் போகிறார்கள். ஒன்பது பேர் பணமோ படமோ கொடுத்தவர்கள். பத்தாவது ஆள், மூன்றாம் அறையில் இருபத்து மூன்று வருடமாக நிற்கும் தமயந்தி. அவரவர் மொழியில் பாராட்டு மடல் வாசிப்பார்களாம். தமிழ் மடல் என் பொறுப்பு.

“என்னான்னு எழுதப் போற, அனு?”

“இருபத்து மூணு வருஷ சேவைன்னு ஆரம்பிக்கலாமாக்கா?”

“சேவையா? கோயில்ல கோலமா போட்டேன்? வேலைக்குப் போனேன். நின்னேன்னு எழுது.”

கார்மெண்ட்ஸில் பதினோரு வருடம் காலர் தைத்துவிட்டு, முப்பத்தோரு வயதில் அங்கே சேர்ந்தவர் அவர். சேர்ந்த முதல் மழைக்காலத்திலேயே மூன்றாம் அறைச் சுவரில் ஈர வாடை வருகிறது என்று சொல்லியிருக்கிறார். யாரும் நம்பவில்லை. படத்தைக் கழற்றிப் பார்க்காமல் வீட்டுக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்தார். கழற்றினார்கள். பின்னால் தண்ணீர் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் படம் இன்றைக்கும் அங்கே தொங்குகிறது. நாலு மணிக்கு மேல் மேற்கு ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் விழுந்து கூசும். “ரெண்டு அடி இந்தப் பக்கம் வந்து பாருங்க” என்று வருகிறவர்களிடம் மூன்று மொழியில் சொல்வார்.

ஆறு வருடத்துக்கு முன்புவரை அறைக்கு ஒரு ஸ்டூல் இருந்தது. தரையைப் புதிதாகப் போட்டபோது எடுத்துவைத்தவர்கள் திருப்பித் தரவில்லை. உட்கார்ந்திருக்கும் காவலரைப் பார்த்தால் தூங்குகிறவர் மாதிரி இருக்கிறதாம். நடுவில் பெஞ்சு உண்டு, அது பார்வையாளர்களுக்கு. அக்கா மூன்று முறை மனு எழுதிக் கொடுத்துவிட்டார்.

“நானாவது சமாளிச்சுக்குவேன். மாடியில நிக்கிற சந்தானம் காலைப் பாத்தியா? நரம்பு கயிறு மாதிரி முறுக்கிக்கிட்டுக் கெடக்கு. டாக்டர் நிக்கவே கூடாதுன்னுட்டாரு. இந்த மாசத்தோட வேலையை விட்டு நின்னுக்கறேன்றான். அம்பத்தாறு வயசுல அவனுக்கு வேற எவன் வேலை குடுப்பான்?”

“நான் போன ஊர்ல நெறைய மியூசியத்துல சேர் போட்டு உட்கார்ந்துதான் இருந்தாங்கக்கா. அதுல ஒருத்தங்ககிட்ட பேசிக்கூட இருக்கேன்.”

“ஊரெல்லாம் சுத்திட்டு வந்து நீ பாத்தது இதானா?” என்று சிரித்தார். பிறகு, “தமிழ்நாட்டுல கடையில வேலை செய்றவங்களுக்கு சீட்டு குடுக்கணும்னு சட்டமே போட்டாங்க. எனக்குத் தெரியும். மேனேஜர் மஞ்சுநாத் சார்கிட்ட சொன்னேன். அப்போ அங்க போயிடுங்கன்னாரு” என்றார்.

அன்று இரவே மடலை எழுதினேன். ‘இருபத்து மூன்று ஆண்டுகள் இந்த அறையில் நின்றார். கடைசி ஆறு ஆண்டுகள், உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லாமல் நின்றார்.’ மேலாளர் மஞ்சுநாத், தமிழ் தெரிந்த ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு இரண்டாவது வரியை அடித்தார்.

“நோடம்மா, இங்க பாரு, இது பங்ஷன். ஸ்டூல் கீல் எல்லாம் எதுக்கு? அயராத சேவைன்னு போடுங்க. அஷ்டே, அவ்வளவுதான்.”

அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

“அடிச்சிட்டாரா? போவட்டும். நீ எழுதுனத அடிக்கலாம். என் காலை என்ன பண்ணுவாரு?”

விழா ஞாயிற்றுக்கிழமை, முற்றத்தில். மேடை நடுவில் சிவப்பு வெல்வெட் போட்ட ஒரு பெரிய நாற்காலி, கைப்பிடியில் சிங்க முகம். வழக்கம்போல ஒவ்வொருவரையும் அதில் உட்காரவைத்து, தலையில் மைசூர் பேட்டா என்ற தலைப்பாகையை வைத்து, சால்வை போர்த்தி, மாலை போட்டு, மடியில் பழக்கூடையை இறக்கிப் படம் எடுத்தார்கள். ஒன்பது பேர் உட்கார்ந்து எழுந்தார்கள். பிறகு அக்காவின் பெயரை அழைத்தார்கள்.

பச்சைப் பட்டுப் புடவையில் மேடை ஏறினார். நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

அறக்கட்டளைத் தலைவர் வீணா மேடம் பேட்டாவை இரண்டு கையிலும் ஏந்திக் காத்திருந்தார். அவர் அக்காவின் தோள் உயரம்தான் இருப்பார். அக்கா உட்காராமல் பேட்டா தலைக்கு எட்டாது.

“கூத்கோளி, தமயந்தம்மா” என்று மெதுவாகக் கன்னடத்தில் உட்காரச் சொன்னார் மஞ்சுநாத்.

“பரவால்ல சார். நின்னே பழக்கம்.”

மைக் பக்கத்திலேயே இருந்தது. முற்றம் முழுக்கக் கேட்டது. முன்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு, வேறு யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார்.

மேடத்துக்கு ஒன்றும் புரியவில்லை. “கால் வலிக்குமே, உட்காருங்கம்மா” என்றார் கன்னடத்தில்.

அக்காவும் கன்னடத்திலேயே பதில் சொன்னார். “வலிக்குது மேடம். தினமும் வலிக்குது. மூணாம் ரூம்ல உட்காரலாம்னு சொல்லுங்க, இங்கயும் உட்கார்றேன். அங்க நிக்க வச்சுட்டு இங்க மட்டும் உட்கார வச்சா, போட்டோவுக்குத்தான் ஆகும்.”

“அங்க ஸ்டூல் இல்லையா?” மேடம் மஞ்சுநாத்தைப் பார்த்தார். மேடத்துக்கு நிஜமாகவே தெரியாது என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. இத்தனை முறை வந்திருக்கிறார். படங்களை மட்டும் பார்த்திருக்கிறார்.

“ரூல் மேடம். அப்புறம் பேசலாம்…”

“எங்களுக்கு இல்ல மேடம்” என்றார் அக்கா. “எந்த ரூம்லயும் இல்ல. சந்தானத்தைக் கேளுங்க, அதோ நிக்கறான்.”

எல்லோரும் திரும்பினார்கள். கடைசியில் தூணோரம் நின்ற சந்தானம் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு சல்யூட் வைத்தார்.

மேடம் பேட்டாவைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டார். கை வலித்திருக்க வேண்டும். “சரி, நாளையிலிருந்து எல்லா ரூமுக்கும் போடச் சொல்றேன்.”

“நாளைக்குத் திங்கட்கிழமை, லீவு மேடம்.”

“செவ்வாய்க்கிழமை. காலையில.”

“அப்போ செவ்வாய்க்கிழமை உட்கார்ந்துக்கறேன்.”

அவ்வளவுதான். பேட்டாவைக் கையில் வாங்கித் தானே தலையில் வைத்துக்கொண்டார். சால்வையைப் போர்த்த மேடம் குதிகாலை உயர்த்த வேண்டியிருந்தது. விழாப் படங்களில் ஒன்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பத்தாவது படத்தில் நாற்காலி காலி.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குப் போனேன். கேன்டீன் நாற்காலிகளையே கொண்டுவந்து போட்டிருந்தார்கள், நீல பிளாஸ்டிக். மாடியில் சந்தானம் ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கீழே அக்காவும்.

“பெரியவங்க யாராவது வந்தா எழுந்திருக்கணுமாம். காலையில மஞ்சுநாத் சார் வந்து சொல்லிட்டுப் போனாரு” என்றார்.

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் மஞ்சுநாத் உள்ளே வந்தார். அக்காவுக்கு முன்னால் வந்து நின்றார். எழுந்திருப்பதற்கான நேரத்தைக் கொடுத்தார். அக்கா அசையவில்லை. கையை மட்டும் நீட்டினார்.

“சார், அந்தப் படத்தோட அடிச்சட்டத்துக்கு அடியில சுவரைப் பாருங்க, இடது மூலை. உப்பு பூத்திருக்கு, மறுபடி ஈரம். நின்னா தெரியாது. இங்கேருந்து பாத்தாத்தான் தெரியுது.”

மஞ்சுநாத் படத்தையும் அக்காவையும் பார்த்தார். பிறகு முழங்காலை மடக்கி, தரையில் குனிந்து உட்கார்ந்து பார்த்தார்.