நாலேகாலுக்குப் பேசிய டிரம்

நாற்காலி முதுகில் துண்டு தொங்கினால் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். எங்கள் பக்கத்து அலுவலகங்களில் இது எழுதாத சட்டம். துண்டைப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போகலாம், ராயபுரம் வரைக்கும்கூடப் போகலாம். யாராவது கேட்டால், "இங்கதான் சார் கீறாரு, துண்டு கீது பாருங்க" என்று பியூன் சொல்லிவிடுவார். "துண்டு நாற்காலில, தொரை டீக்கடைல" என்று இதற்கு ஒரு வசனமே உண்டு. இந்த மாதிரி வசனங்களைப் பொறுக்கி வைப்பதுதான் எனக்குச் சின்ன வயதிலிருந்து சொத்து. பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. மற்றதெல்லாம் கழற்றிப் பார்த்தும் காதால் கேட்டும் கற்றது.

துண்டுக்குப் பதிலாக இயந்திரத்தையே போட்டுவைத்துவிட்டுப் போன ஒருவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அவர் திரும்பி வரவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். டெலிபிரிண்டர் பழுதுபார்ப்பது என் வேலை. தட்டச்சு இயந்திரம் போலத்தான் இருக்கும். இங்கே தட்டினால் கம்பி வழியாகப் போய் அங்கே தாளில் அச்சாகும். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலை. அதன் சரக்கு அலுவலகம் துறைமுகத்துப் பக்கம். இரண்டுக்கும் நடுவில் தனிக் கம்பி ஒன்று, முனைக்கொரு இயந்திரம்.

தொழிற்சாலை முனையில் பத்து வருடம் உட்கார்ந்திருந்தவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பூசைக்குக் கிளம்பும்போது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவ்வளவுதான். தட்டச்சுப் பழகியிருந்த அவர் மனைவிக்கு அதே வேலையைக் கொடுத்தார்கள், மூன்று மாதத் தற்காலிகமாக. இரண்டு பிள்ளைகள். வேறு வருமானம் கிடையாது.

என்னைக் கூப்பிட்டது தொழிற்சாலை அலுவலகத்து அதிகாரி. வெளியூரிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். தாள் சுருளைப் பிரித்துக் காட்டினார். தினமும் சாயங்காலச் செய்திக்குக் கீழே, ஆங்கில எழுத்தில், தமிழில் ஒரே வரி: இங்கதான் கீறேன்.

"தினமும் நாலேகால் மணிக்கு இது வருது. கேட்டா, நான் அடிக்கலைங்கறாங்க. செத்துப்போனவர் பேச்சாம் அது, பியூன் சூடம் கொளுத்தறான். இது ஆபீஸா, கோயிலா? சனிக்கிழமைக்குள்ள இயந்திரத்துல கோளாறுன்னு நீங்க காட்டணும். இல்லேன்னா கோளாறு அந்தம்மாகிட்டதான்னு எழுதி அனுப்பிடுவேன்."

அந்த அம்மா சுவரோரம் நின்றிருந்தார். அதிகாரி போன பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அண்ணே, நான் அடிக்கல. ஆனா அது அவரு பேச்சுதான். வூட்ல எந்த மூலையிலேர்ந்து கூப்ட்டாலும் 'இங்கதான் கீறேன்'னுதான் சொல்வாரு."

"பயமா இருக்காம்மா?"

"வேல பூடுமோன்னுதான் பயமா கீது."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நான் அரளுகிற ஆளில்லை. விசைகளைத் துடைத்தேன், சுருள்வில்களைப் பார்த்தேன், எதுவும் சிக்கியிருக்கவில்லை. நாலு மணிக்குத் துறைமுக முனையிலிருந்து வழக்கமான செய்தி வந்தது: எந்தக் கிடங்கில் எத்தனை மூட்டை என்ற எண்கள். அடித்து முடித்து இயந்திரம் ஓய்ந்தது. அந்த அம்மாவை ஜன்னலண்டை நிற்கச் சொன்னேன். விசைப்பலகை மேல் ஒரு தகரத்தை வைத்து மூடினேன்.

நாலேகாலுக்குப் பக்கத்து ஆலையில் சங்கு ஊதியது. இரண்டாவது ஷிப்டு. தரை லேசாக அதிர்ந்தது. உடனே, ஒருவர் தொண்டையைக் கனைப்பதுபோல இயந்திரம் ஒரு தடவை செருமியது. யார் கையும் படாமல், ஒரு விசையும் அசையாமல், எழுத்து எழுத்தாக அடித்தது. இங்கதான் கீறேன்.

என் முதுகில் வியர்வை இறங்கியது. அந்த அம்மா சிலுவை போட்டுக்கொண்டார்.

மூடியைக் கழற்றியதும் பாதி விளங்கியது. அந்த இயந்திரங்களில் உள்ளே சின்னதாக ஒரு டிரம் இருக்கும், சீப்புப் பல் மாதிரி வரிசை வரிசையாகப் பற்களோடு. இடுக்கியால் சில பற்களை ஒடித்து, சிலதை விட்டால் ஒவ்வொரு வரிசையும் ஒரு எழுத்தாகும். கம்பெனி பெயரை அப்படி வெட்டிவைப்பது வழக்கம். ஒரே ஒரு விசையைத் தட்டினால் போதும், டிரம் ஒரு சுற்றுச் சுற்றி முழுப் பெயரையும் அனுப்பிவிடும். இன்னொன்றும் உண்டு. எதிர் முனையில் இருப்பவர் "யார் அங்கே?" என்ற விசையைத் தட்டினால், இந்தப் பக்கம் அறையில் ஆளே இல்லாவிட்டாலும் டிரம் தானாகச் சுற்றிப் பதில் சொல்லும்.

மனிதர் கம்பெனி பெயரை எடுத்துவிட்டுத் தன் வசனத்தை வெட்டிவைத்திருந்தார். துறைமுகத்திலிருந்து யார் விசாரித்தாலும், அவர் டீக்கடையில் இருக்கும்போதே இயந்திரம் பதில் சொல்லியிருக்கிறது. நாற்காலித் துண்டுக்கு வாய் முளைத்தமாதிரி.

எனக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. கேட்டால்தான் டிரம் சொல்லும். அப்படியானால், யார் கேட்கிறார்கள்?

மறுநாள் துறைமுக அலுவலகத்துக்குப் போனேன். அங்கே உட்கார்ந்திருந்தவர் இறந்தவருக்கு உயிர்த் தோழர். வெற்றிலைபோட்ட வாய், பெரிய குரல். விஷயத்தைச் சொன்னதும் அந்தக் குரல் சுருங்கிவிட்டது.

"மாமு, இங்கேயும் வருது. டெய்லி வருது. நான் யார்கிட்டயும் சொல்லல."

"நீங்க அந்தக் கேள்வி விசையைத் தட்றீங்களா?"

"என் புள்ளைங்க மேல சத்தியமா இல்ல. அவன் பூட்டப்புறம் அந்த விசைமேல வெரலே வெச்சதில்ல. 'இன்னா நைனா, கீறியா'ன்னு கேக்க அங்க யாரு கீறா?"

நாலு மணிக்கு அவர் எண்களை அடித்தார். கடைசி மூட்டைக் கணக்கை அடித்ததும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, டிபன் கேரியரை எடுத்து மடியில் வைத்து, என் எதிரில் வந்து உட்கார்ந்தார். இரண்டு கையும் கேரியர் மேல். நாங்கள் இருவரும் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே கிரேன் ஓடும் சத்தம். ஒரு காகம்.

நாலேகால். இங்கதான் கீறேன்.

அவர் நாற்காலியை ஒரு அடி பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

பழைய தாள் கட்டுகளைக் கேட்டு வாங்கிப் பிரித்தேன். திருவொற்றியூர் நண்பர் உயிரோடு இருந்த நாட்களில், எண்களுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு வரி இருந்தது. "வரேன் நைனா." "வரேன் தோஸ்து." "ஆப்பம் துன்னுட்டு வூடு போய் சேரு." இறந்த பிறகு வந்த தாள்களில் வெறும் எண்கள். கடைசி எண்ணோடு செய்தி நின்றுபோயிருந்தது.

அங்கே பிடிபட்டது எனக்கு. டெலிபிரிண்டரில் எண்களுக்கு ஒரு பக்கம், எழுத்துகளுக்கு ஒரு பக்கம்; ஒரே விசைக்கு இந்தப் பக்கத்தில் ஒரு பொருள், அந்தப் பக்கத்தில் வேறு பொருள். எழுத்து அடிப்பதற்குமுன் அந்தப் பக்கத்துக்குத் திருப்ப வேண்டும். அதுவரைக்கும் இயந்திரம் எண் பக்கத்திலேயே நிற்கும். "யார் அங்கே?" என்ற கேள்வியும் எண் பக்கத்தில்தான் இருக்கிறது. நாலேகாலுக்குப் பக்கத்து ஆலையின் பெரிய மோட்டார் கிளம்பும்போது கம்பியில் ஒரு உதறல் வரும். யாரோ அந்த விசையைத் தட்டியதுபோல இயந்திரத்துக்குத் தெரியும். எழுத்துப் பக்கத்தில் நின்றால் அது ஒரு கிறுக்கல், அவ்வளவே. பழைய தாள்களில் அங்கங்கே அந்தக் கிறுக்கல் இருந்தது. எண் பக்கத்தில் நின்றால் அதுவே கேள்வி.

"பழையபடி 'வரேன்'னு ஒரு வரி அடிச்சிட்டுப் போயிருந்தீங்கன்னா இது வந்திருக்காதுங்க," என்றேன்.

அவர் தாள் கட்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப அடுக்கினார். பிறகு, "யாருகிட்ட சொல்றது மாமு? அந்தப் பொண்ணுகிட்ட சொன்னா, அவன் பூட்டான்னு நானே ஒத்துகினாப்ல ஆயிடாதா?" என்றார்.

சனிக்கிழமை அதிகாரியையே அந்த நாற்காலியில் உட்காரவைத்தேன். துறைமுகத் தோழரிடம் தொலைபேசியில், இன்று ஒருநாள் மட்டும் எண்களோடு நிறுத்தச் சொல்லியிருந்தேன். அம்மா கதவோரம், எல்லோரும் பார்க்கும்படி கைகட்டி நின்றார். நடக்கப்போவதை அதிகாரிக்கு ஒன்றுவிடாமல் விளக்கியிருந்தேன். டிரம்மையும் காட்டியிருந்தேன். "சரி சரி, புரியுது," என்று கால்மேல் கால் போட்டிருந்தார்.

சங்கு ஊதியது. தரை அதிர்ந்தது. அவர் மார்புக்கு எதிரே, அவர் மூச்சுப் படும் தூரத்தில், இயந்திரம் செருமியது.

எல்லாம் தெரிந்தவர்தான். ஆனாலும் நாற்காலி கீழே விழுந்த சத்தம் கேட்டபோது அவர் வாசலில் நின்றிருந்தார்.

"கழட்டு. அதை இப்பவே கழட்டு," என்றார். கொஞ்சம் கழித்து, அம்மாவைப் பார்க்காமல், "நீங்க... நீங்க வேலையைப் பாருங்கம்மா. நான் எதுவும் எழுதலை," என்றார்.

பியூன் என் காதில், "பாத்தியா, வாயத் தொறந்து பொண்டாட்டிக்கு வேல வாங்கிக் குட்த்துட்டான் மகராசன்," என்றார். இன்றுவரை அந்த வசனம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

டிரம்மைக் கழற்றிப் புதிதாக ஒன்று போட்டேன். ஒடித்த பல் முளைக்காது. எழுத்து மாற வேண்டுமென்றால் டிரம்மையே மாற்றவேண்டும். கம்பெனி பெயரை வெட்ட இடுக்கியை எடுத்தபோது அம்மா தடுத்தார்.

"வெட்டாதீங்கண்ணே. ரெண்டு முனையும் நம்ப ஆபீஸ்தானே. யாருக்குப் பேரு சொல்லணும்? சும்மா உடுங்க." அதிகாரி வாசலிலிருந்தே தலையாட்டினார். பழைய டிரம் அம்மாவின் சாப்பாட்டுப் பையில் போயிற்று.

திங்கட்கிழமை எண்களுக்குப் பிறகு துறைமுகத்திலிருந்து ஒரு வரி வந்தது: "வரேம்மா." அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "வாங்கண்ணே" என்று அடித்தார். நாலேகாலுக்கு ஒரு கிறுக்கல் மட்டும் விழுந்தது.

அந்த அம்மா அந்த நாற்காலியில் நிரந்தரமாகி, பிள்ளைகளைக் கரையேற்றினார். எண்ணெய் போட நான் மாதம் ஒருமுறை போவேன். தோழர் விடுப்பில் இருக்கும் நாட்களில், மாற்று ஆள் எண்களோடு நிறுத்திவிடுவார். அப்படி ஒருநாள் நான் அங்கே இருந்தேன். சங்கு ஊதியது. இயந்திரம் செருமியது. உள்ளே வெட்டாத டிரம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது. தாள் இரண்டு முறை உதறியது. ஒரு எழுத்தும் விழவில்லை. சொல்ல வாயெடுத்து, ஆள் இருப்பதைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் விட்ட மாதிரி.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் தலை நிமிரவில்லை. கைவேலையை நிறுத்தாமல், பக்கத்து அறையிலிருக்கும் ஒருவருக்குச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்:

"தெரியும், தெரியும்."