கண்மாய்க்கரைக் கும்பா

வண்டியூர்க் கருப்புவை அண்ணன் என்று சொல்லவே வாய் கூசும். அவருடைய தம்பி சின்னக்கருப்பன் மில் வேலைக்காரன், பிள்ளை இல்லாதவன். இருமல் விடாமல் இருக்கவே, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் மதுரை ஆஸ்பத்திரியில் அவன் நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். நுரையீரலின் மேல்பக்கம் சுண்டைக்காய் அளவில் ஒரு நிழல். அந்த இடத்தில் நிழல் தெரிந்தால் காசம்தான் என்றார் டாக்டர் ஹாலாஸ்யம். பாத்திரத்தைத் தனியாக வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருக்கலாம் என்றும் சொன்னார்.

முதல் பாதிதான் கருப்புவின் காதில் ஏறியது. தம்பி சோறு தின்னும் கும்பாவைத் தெருவில் வீசி, அவனைக் கண்மாய்க்கரைக் குடிசைக்கு விரட்டிவிட்டார். மாரியம்மன் கோயில் பந்தியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவனை ஊர் பார்க்க எழுப்பி அனுப்பினார்.

"அண்ணங்கூட உக்காந்து ஒரு வாய் திங்கணும். அம்புட்டுத்தான் பாண்டியம்மா" என்று பெண்டாட்டியிடம் சொல்லிச் சொல்லி ஏங்கினான் சின்னக்கருப்பன். அவளோ தெருவில் கிடந்த கும்பாவை எடுத்துவந்து, அவன் தின்ற அதிலேயே தானும் தின்றாள். ஒரு தும்மல்கூட வரவில்லை. இது காசமே இல்லை என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

மழைக்குக் கண்மாய் நிரம்பியபோது குடிசைக்குள் பாம்பு ஏறியது. அதுதான் அவனைக் கொன்றது, இருமல் அல்ல.

போலீஸ் கேஸ் என்பதால் உடலை அறுத்தார்கள். அந்த நிழலின் ஓரம் பிசிறு பிசிறாக இருந்தது ஹாலாஸ்யத்துக்கு முதலிலிருந்தே உறுத்தலாக இருந்தது. அந்த இடத்துச் சதையில் கொஞ்சம் எடுத்துப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். உடம்பை மூளியாக்கி எரிப்பதா என்று பங்காளிகள் குதித்தார்கள். பாண்டியம்மாள் அழுகையை நிறுத்தினாள்.

"எடுத்துக்கங்கய்யா. என்னான்னு கண்டதக் கருமாதிக்கு வந்து இவுக முன்னாடி சொல்லணும். மத்தத நான் பாத்துக்கிறேன்."

ஹாலாஸ்யம் சொன்னபடி வந்தார். படத்தை வெயிலுக்கு நேராகப் பிடித்து நிழலைக் காட்டினார். அதே இடத்துச் சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்ததாகவும், அது அப்போதுதான் தலைகாட்டியிருந்த புற்றுநோய் என்றும், யாருக்கும் ஒட்டாது என்றும், காசம் என்றது தன் தப்பு என்றும் சொன்னார்.

அடுத்தது உருமாக்கட்டு. பிள்ளையில்லாத தம்பிக்கு அண்ணன்தான் தலைப்பாகை கட்டிக்கொண்டு வாரிசாக நிற்க வேண்டும். கருப்பு மணையில் உட்கார்ந்தார். பாண்டியம்மாள் புருஷனின் கும்பாவில் சோறும் குழம்பும் பிசைந்து கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"தின்னுட்டுக் கட்டிக்கங்க மச்சான்."

தின்னாவிட்டால் உருமா இல்லை. தின்றால், ஒட்டாத நோய்க்காகத் தம்பியைப் பாம்புக்குக் கொடுத்தவர் என்பதைத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்ட மாதிரி. ஊரே அவர் கையைப் பார்த்தது. வெகுநேரம் கழித்து ஒரு கவளத்தை எடுத்தார். விழுங்காமல் வாயிலேயே வைத்து மென்றுகொண்டிருந்தார்.

பாண்டியம்மாளுக்கு அதைப் பார்க்கப் பார்க்க வயிறு குளிர்ந்தது. கவளம் இறங்கும்வரை காத்திருந்தாள்.

"இந்த ஒரு வாயத்தான் அவுக கேட்டாக."

பிறகு உருமாத் துணியை அவளே எடுத்து நீட்டினாள். கட்டிவிட ஆள் நின்றிருந்தது. கருப்புதான் தலையை நிமிர்த்தவில்லை.