சிவப்புக் கோட்டின் உட்பக்கம்

வசந்தமலருக்குக் கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் உடுப்புத் திருத்தும் கடை. இருபத்தாறு வருடமாகக் காற்சட்டைக் கால் மடிப்பதும் பிளவுஸ் தளர்த்துவதும்தான் வேலை. லண்டனில் இத்தனை காலம் இருந்தும் அருங்காட்சியகம் ஒன்றுக்குள் அவர் முதன்முதல் போனது சென்ற மாசியில்தான், அதுவும் வேலைக்காக.

கூப்பிட்டவள் பிரசாந்தினி. பக்கத்துப் பிளேஸ்டோவிலிருந்து கடைக்கு வந்துபோகும் பெண். அந்த அருங்காட்சியகத்தில் பழைய துணிகளைப் பராமரிப்பவள். மதராஸ் காலாட்படைச் சிப்பாய் ஒருவர் இருநூறு வருடத்துக்கு முன்பு போட்ட கோட்டைக் காட்சிக்கு வைக்க இருந்தார்கள். அதை மாட்டுவதற்குப் பஞ்சு உடம்பு ஒன்று வேண்டும். அதற்கு அளவு பார்க்கத்தான் வசந்தமலர்.

வெள்ளைத் தாளில் கிடந்த கோட்டின் சிவப்பு மங்கிச் செங்கல் நிறமாகியிருந்தது.

"நனைஞ்சு சுருங்கிப் போச்சுது எண்டு இஞ்ச எல்லாரும் சொல்லினம், அன்ரி. வளர்ந்த ஆளுக்கு இது கொள்ளாது."

வசந்தமலர் கையுறை போட்டுக்கொண்டு கோட்டின் உட்பக்கத்தைப் பார்த்தார்.

"சுருங்கேல்லைப் பிள்ளை. சுருங்கியிருந்தா உள்ள இருக்கிற லைனிங் சுருங்காமப் பொம்மிக்கொண்டு நிக்கும். இது ஆரோ பிடிச்சுத் தைச்சது."

விலாப் பக்கம் நெருக்கமான பழைய தையல் அப்படியே இருந்தது. அதற்கு ஓர் அங்குலம் உள்ளே, முரட்டு வெள்ளை நூலில் கோணல்மாணலாக இன்னொரு தையல். தையற்காரன் கை அல்ல. போட்டவரே தைத்திருக்க வேண்டும்.

"இவர் எங்க போனவர்?"

"இவற்ர படை ரங்கூனுக்குப் போனது, கப்பலில. முதல் பர்மாச் சண்டை. மழை, காய்ச்சல், சாப்பாடும் இல்லை. சண்டையில செத்த ஆக்களை விட வருத்தத்தில செத்த ஆக்கள்தான் கூட."

நோய் வந்து மெலிந்தவர்களின் உடுப்புகள் வசந்தமலரின் கடைக்கும் வருவதுண்டு. முதலில் ஓர் அங்குலம் பிடிக்கச் சொல்வார்கள். பிறகு இன்னும் ஓர் அங்குலம். பிறகு சிலர் வருவதில்லை. அவர் விரல் மெதுவாக இன்னும் உள்ளே போயிற்று. அங்கே நூல் இல்லை. வரிசையாக ஊசித் துளைகள் மட்டும்.

"இஞ்ச பார்! திரும்பவும் பிடிச்சிருக்கிறார். பிறகு அவிட்டிருக்கிறார்."

"பிற்காலத்தில வேற ஆரும் அவிட்டிருக்கலாம்தானே, அன்ரி?"

வசந்தமலர் விளக்கைக் கிட்ட இழுத்தார். வியர்வைக் கறை அந்தத் துளைகளையும் தாண்டி, ஒரே படலமாகப் பரவியிருந்தது. தையலோடு நின்றிருந்தால் அங்கே ஒரு கோடு விழுந்திருக்கும்.

"அவிட்ட பிறகும் போட்டு வேர்த்திருக்கிறார், பிள்ளை. உடம்பு தேறியிருக்கு. ஆள் பிழைச்சிட்டார்."

பிரசாந்தினி கண்ணைத் துடைத்தாள். வசந்தமலர் கோட்டைத் தாளில் மெல்ல விரித்து வைத்தார். கோட்டுக்குள் ஒரு மனிதன் மூச்சு இழுத்து விடுவதுபோல இருந்தது.

பஞ்சு உடம்பை அந்தத் தேறிய அளவுக்கே அவர் செய்து கொடுத்தார். கோட்டு அதில் நிமிர்ந்து நின்றது.

"இவற்ர பேர் தெரியாதோ?"

"தெரியாது. படைப் பதிவேட்டில எழுநூறு பேர் இருக்கினம். அதில ஒராள்."

வசந்தமலர் அந்தப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். ஆங்கில எழுத்தில் திரிந்து கிடந்த பெயர்களை, முத்துவீரன், ஷேக் இமாம், வெங்கடசாமி என்று வாய்விட்டு, ஒன்றும் தவறவிடாமல் மாலைவரை வாசித்தார்.