கோம்பைக் கல்குவாரியில் ஒரு சாண் மண்

கோம்பையைச் சேர்ந்த உழவர் செல்லத்தாய் மேடைப் பேச்சாளனான என்னைக் கைப்பேசியில் அழைத்ததால், கடந்த ஆடித் திங்களில் ஒரு புதன்கிழமை தேனியிலிருந்து புறப்பட்டேன். அவருடைய இரண்டு ஏக்கர் நிலம் பத்தாண்டுகள் கல்குவாரிக்குக் குத்தகையாகக் கிடந்தது. குத்தகை முடிந்ததும் குழியை மூடி, மேலே மூன்றடிக்கு நல்ல மண் பரப்பித் தரவேண்டும் என்பது ஒப்பந்தம். எல்லாம் சரி என்று ஆய்வு அலுவலர் கையொப்பமிட்டால் குவாரிக்காரரின் பொறுப்பு முடிந்துவிடும். அங்கே முருங்கை வைக்கக் காத்திருந்த செல்லத்தாய், "ஆய்வன்னைக்கு நீங்க வந்து ரெண்டு வார்த்த பேசுங்கண்ணே" என்றார்.

காலை 7.40க்குப் பழனிசெட்டிபட்டியில் பேருந்து ஏறினேன். உத்தமபாளையத்துக்கு ஒரு மணி நேரம், முப்பது ரூபாய். அங்கிருந்து எட்டுக் கிலோமீட்டருக்கு மூன்று சக்கரத் தானியில் இருநூறு. ஓட்டுநர் என் வெள்ளுடையைப் பார்த்து, "கூட்டத்துக்கா? மைக்கு இல்லாம வந்திருக்கீக" என்று சிரித்தார். என் குரலுக்கு ஒலிபெருக்கி வேண்டாம் என்றேன். அதை இன்று நினைத்தால் கூசுகிறது.

மேற்கு மலையடிவாரத்தில் நிலம் செம்மையாக, மேடு பள்ளமின்றிக் கிடந்தது. ஆடிக்காற்று புழுதியை வாரி இறைத்தது. செல்லத்தாய் கடப்பாரையோடு நின்றார். அலுவலர் கண்ணெதிரே நான்கு இடங்களில் இறக்கி, மண்ணின் ஆழத்தைக் காட்டுவது அவர் எண்ணம். முதலில் உரை, பிறகு கடப்பாரை என்று முறை வகுத்தவன் நான். அவரும் இசைந்து, எனக்குத் துண்டு போர்த்தினார்.

அலுவலர் பதினொரு மணிக்கு வந்தார். பன்னிரண்டுக்கு வேறொரு குவாரியில் இருக்கவேண்டும் என்று வந்தவுடனே சொன்னார். ஓரமாக ஒரு சுற்று நடந்து ஏதோ குறித்துக்கொண்டார். நான் கற்குவியல்மீது ஏறினேன். மலையின் மாண்பையும் மண்ணின் மானத்தையும் நாற்பது நிமிடம் முழங்கினேன். கூடியிருந்த இருபது உழவர்களும் கைதட்டினர். விருந்தாளி பேசும்போது குறுக்கிடுவது அவ்வூரில் வழக்கமில்லை. கடப்பாரையும் காத்திருந்தது.

நான் இறங்கியதும் அலுவலர் கடிகாரத்தைப் பார்த்தார். "எல்லாத்தையும் எழுத்துல குடுங்கய்யா" என்று பணிவாகச் சொல்லி வண்டியேறினார்.

புழுதி அடங்கியபின் செல்லத்தாய் கடப்பாரையை இறக்கினார். ஒரு சாணில் கல்லில் மோதி ஒலித்தது. நான்கு இடங்களிலும் அதே ஒலி. குழியைக் கல்லால் நிரப்பி, மேலே மண்ணைத் தூவியிருக்கிறார்கள்.

"நீங்க நல்லாத்தான் பேசுனீகண்ணே. அவுகளும் நல்லாத்தான் கேட்டாக. கடப்பாரையத்தான் யாரும் கேக்கல."

மனு எழுத அமர்ந்தேன். முன்னுரையே ஒரு பக்கம் ஆயிற்று. செல்லத்தாய் தாளை வாங்கி மடித்தார். "ஒரு சாண்ல கல்லுன்னு எழுதுங்க. போதும்." நான்கு வரிகளில் எழுதி, மாலை 4 மணிக்கு உத்தமபாளையத்தில் அந்த அலுவலரின் அலுவலகத்தில் கொடுத்தோம். மறு ஆய்வு பற்றி இதுவரை செய்தியில்லை. ஐப்பசி மழைக்கு ஊன்றவேண்டிய முருங்கைக் குச்சிகள் வரப்போரம் காய்ந்துவிட்டன.

இத்தகைய ஆய்வுக்குச் செல்வோர் குடிநீர் கொண்டு செல்லுங்கள்; குவாரியருகே கடையில்லை. நில அளவை எண்ணோடு மனுவை வீட்டிலேயே எழுதிவிடுங்கள். உங்களைப் பேச அழைத்திருந்தால், அலுவலர் வண்டியைவிட்டு இறங்கியதும் முதலில் கடப்பாரையை இறக்கச் சொல்லுங்கள். துண்டைப் பிறகு போர்த்திக்கொள்ளலாம்.