கழற்றிப் போட்ட இருபத்து மூன்று மோட்டார்கள்

விசிட்டிங் கார்டு அடிக்கக் கொடுத்த அன்றுதான் என் தொழிலுக்குப் பெயர் இல்லை என்பது எனக்கே தெரிந்தது. கோட்டைமேட்டில் ஒரு பழைய அச்சகம். அதை நடத்திய பாய் என் பெயரையும் வீட்டு விலாசத்தையும் எழுத்துக் கோத்து முடித்துவிட்டு, நடுவில் என்ன போடட்டும் என்று கேட்டார். சின்னப் பட்டறைகளுக்குப் போவேன், உட்கார்ந்து பார்ப்பேன், கேள்வி கேட்பேன், வேலை எங்கே சிக்குகிறது என்று முதலாளியே கண்டுபிடிக்க உதவுவேன் என்று சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"தொழிலுக்கு டாக்டருங்களா?"

மருந்து எதுவும் தருவதில்லை என்றேன். அப்படியானால் டியூசனா என்றார். பாடமும் இல்லை என்றேன். கையிலிருந்த எழுத்தைக் கீழே வைத்தவர், "அந்த வரியை வெறுமையா உட்டுர்றேன் அம்மணி. என்னன்னு உங்களுக்குத் தெரிஞ்சதுக்கப்புறம் எடுத்துட்டு வாங்க, அதை மட்டும் ஓட்டித் தாரேன்" என்றார்.

அப்படியாக, பெயருக்கும் விலாசத்துக்கும் நடுவில் ஒரு விரல் அகல வெள்ளை இடத்தோடு நூறு கார்டுகளை வாங்கிக்கொண்டு வந்தேன்.

நான் உற்பத்திப் பொறியியல் படித்தவள். படித்து முடித்ததும் ஒரு பம்ப் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் மூன்று வருடம் வேலை. அங்கே ஒருமுறை சென்னையிலிருந்து வந்த ஒருவர் இரண்டு நாள் பயிற்சி நடத்தினார். விளையாட்டு வீரருக்குக் கோச் இருப்பதுபோல் தொழில் நடத்துகிறவருக்கும் ஒருவர் வேண்டும், அவர் விளையாட வேண்டியதில்லை, பார்த்தால் போதும் என்றார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் பிரிவில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். நான் ஒரு நோட்டு முழுக்க எழுதினேன். பார்ப்பதும் கேட்பதும் எழுதுவதும் ஒரு வேலையாக இருக்கமுடியும் என்றால், நான் பிறந்ததிலிருந்து அந்த வேலையில்தான் இருந்திருக்கிறேன்.

ராஜினாமா கடிதம் கொடுத்தபோது மேனேஜர் அதை மேஜை டிராயரில் போட்டுக்கொண்டார். ஆடி முடியும்வரை அந்த இடத்தை யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்றார். அப்பா அதையே பிடித்துக்கொண்டார். சொந்தக்காரர் அல்லாத ஒருவர், ஒரே ஒருவர், காசு கொடுத்து மறுபடியும் என்னைக் கூப்பிட வேண்டும். ஆடி முடிவதற்குள் அது நடந்தால் என் வழியில் போகலாம், நடக்காவிட்டால் பழைய நாற்காலி. நியாயமான நிபந்தனை. நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன்.

பிறகு மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து கருமத்தம்பட்டி வரை மொத்தம் பதினேழு இடங்கள். வார்ப்படப் பட்டறை, விசைத்தறி, கிரைண்டர் செய்கிற இடம், எல்லாம் இருந்தன. எல்லா இடத்திலும் உட்காரச் சொன்னார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள், முழுதும் கேட்டார்கள். பதினான்கு பேர் "செஞ்சுபோடலாமுங்க" என்றார்கள், மூன்று பேர் "பாக்கலாமுங்க" என்றார்கள். நோட்டில் அந்தப் பதினான்கு பேருக்கு எதிரே டிக் போட்டேன். மூன்று வாரம் ஆகியும் ஒருவரும் போன் செய்யவில்லை. அப்பா நோட்டை வாங்கிப் பார்த்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"ஏங்கண்ணு, நீயும் இந்த ஊர்லதானே பொறந்தே? நம்ம ஊர்ல வாசலுக்கு வந்தவங்களை எவன் வேண்டாம்னு சொல்லியிருக்கான்?"

பதினான்கு டிக்குகளையும் கேள்விக்குறியாக மாற்றினேன். டிக்கின் தலையை வளைத்து ஒரு புள்ளி வைத்தால் சுலபமாகவே வந்துவிடுகிறது.

பதினெட்டாவது ஆள் கணபதிப் பகுதியில் மோட்டார் பட்டறை வைத்திருந்தார். கிணற்று மோட்டார்களைப் பழுது பார்க்கிற இடம். நாற்பது வயதிருக்கும். எங்கள் கம்பெனிக்கு உதிரி பாகம் வாங்க வருவார், அப்படிப் பழக்கம். காலையிலிருந்து இருட்டும்வரை கை ஓயாமல் வேலை செய்தும் ஊர்ப்பட்ட விவசாயிகள் தன்னைத் திட்டுகிறார்கள் என்று ஒருநாள் குறைப்பட்டிருந்தார். நான் வந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். "வாங்கம்மணி, அதுக்கென்ன" என்றார். இந்த முறை டிக் போடவில்லை. மறுநாள் காலை எட்டரைக்கு நேரிலேயே போய் நின்றுவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அவரும் பதினான்கு பேரில் சேர்ந்தவர்தான் என்று புரிந்தது. ஆனால் வந்து நிற்கிறவளைப் போகச் சொல்ல அவரால் முடியாதே. என் கார்டை வாங்கி இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டு மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். யாராவது கேட்டால், "நம்ம புள்ளைதானுங்க, சும்மா பாக்க வந்திருக்குது" என்பார்.

சும்மாதான் பார்த்தேன். அந்த வருடம் மழை இன்னும் பிடிக்காத சமயம், கிணறுகளில் தண்ணீர் கீழே போய் மோட்டார்கள் தீய்ந்துகொண்டிருந்தன. பட்டறையின் தரை முழுக்க மோட்டார்கள். எண்ணினேன். மொத்தம் இருபத்தாறு. அதில் கழற்றிப் போட்டவை இருபத்து மூன்று. அன்று மாலைக்குள் பூட்டித் திருப்பி அனுப்பியது ஒன்று.

ஒரு வாரத்தில் விஷயம் பிடிபட்டது. மோட்டாரைக் கொண்டுவருகிறவர் லேத்துக்குப் பக்கத்தில் கிடக்கும் பெஞ்சில் உட்காருவார். டீ வரும். அவர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் அவருடைய மோட்டாரை அவர் கண் முன்னால் கழற்றியாக வேண்டும். அதுதான் அந்தப் பட்டறையின் மரியாதை. கழற்றிவிட்டால் வேலை தொடங்கிவிட்டது என்று வந்தவருக்கு மனசு ஆறும், நிம்மதியாக வீட்டுக்குப் போவார். அவர் எழுந்ததும் அடுத்தவர் வந்து உட்காருவார். அங்கே இருந்த ஒரே ஃபிட்டர் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததைக் கழற்றுவார். பிற்பகலில் எந்த பேரிங் எந்த மோட்டாருடையது என்று முதலாளியும் ஃபிட்டரும் குனிந்து தேடிக்கொண்டிருப்பார்கள்.

முதலாளியிடம் சொன்னேன். முழுதாக ஒத்துக்கொண்டார். தான் நினைத்ததையே நான் சொல்வதாகச் சொன்னார். ஒரு கரும்பலகை வாங்கி, ஃபிட்டருக்கு எதிர்ச் சுவரில் மாட்டி, வந்த வரிசைப்படி ஊர் பெயர்களை எழுதினேன். மேலே இருப்பதை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவது என்று பேச்சு. மறுநாள் பத்து மணிக்குள் பலகை அழிந்திருந்தது. அன்னூரிலிருந்து ஒருவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாராம்.

"அவரு முன்னால உக்காந்து டீ குடிக்கறாருங்க. நான் எப்படீங்க பலகையைக் காட்டுறது?" என்று முதலாளி கேட்டார்.

சரி, பழக்கம்தானே, பழகிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சென்னைக்காரர் சொல்லிக்கொடுத்த பயிற்சி ஒன்று நோட்டில் இருந்தது. மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் நான் விவசாயியாக பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் என்னிடம், "உங்க மோட்டாரு வியாழக்கெழமைதானுங்க" என்று மட்டும் சொல்ல வேண்டும். அவர் என் எதிரே வந்து நின்றார். ஆடு மாடெல்லாம் நல்லா இருக்குதுங்களா என்று கேட்டார். மழை உண்டா என்றார். இல்லாத என் தோட்டத்தில் என்ன போட்டிருக்கிறேன் என்று விசாரித்தார். மஞ்சள் என்று சொல்லிவைத்தேன். "மஞ்சளுங்களா? அப்ப தண்ணி உடனே வேணுமே" என்றவர், திரும்பி எதிர்க்கடைக்கு ஒரு டீ சொல்லிவிட்டு ஸ்பானரைக் கையில் எடுத்துவிட்டார்.

ஃபிட்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. அப்படியானால் நான் செய்து காட்ட வேண்டும் என்றார். இடம் மாறினோம். ஃபிட்டர் விவசாயியாக வந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பெரிய பெருமூச்சோடு பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் தரையையே பார்த்தார். அவ்வளவுதான் செய்தார். நான் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். பன்னிரண்டு வரும்போது, "சரிங்க, கழட்டிப் பாத்தரலாம்" என்று என் வாயே சொல்லிவிட்டது.

"அம்மணியும் கழட்டிப்போடுச்சு" என்றார் ஃபிட்டர்.

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் டீக்கடைக்காரர் என்னவென்று பார்க்க ரோட்டைத் தாண்டி வந்தார். வீட்டுக்குப் போகிற வழியில்தான் எனக்குச் சிரிப்பு அடங்கியது. ஆடிப் பதினெட்டு முடிந்திருந்தது. என்னாலேயே செய்ய முடியாததை இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுக்க இரண்டு மாதமாக அலைந்துகொண்டிருந்தேன். கையில் இரண்டு வாரம்கூட முழுதாக இல்லை.

அன்றைக்கு நோட்டில் எழுதியவை மூன்றே வரிகள். அவரால் இல்லை என்று சொல்ல முடியாது. என்னால் முடியாது. வருகிறவர்களாலும் முடியாது. மூன்றாவது வரியை எழுதியதும் அதன் கீழே ஒரு கோடு போட்டேன். வருகிறவரும் எங்கள் ஊர்க்காரர்தானே.

மறுநாள் பலகையைக் கழற்றினேன். லேத்துக்குப் பக்கத்தில் கிடந்த பெஞ்சை நானும் ஃபிட்டரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து வாசல் பக்கம் கொண்டுபோய்ப் போட்டோம். பலகையை அதற்கு நேர் எதிரே, உட்கார்ந்தால் கண்ணுக்கு முன்னால் தெரிகிற மாதிரி மாட்டினேன். ஊர் பெயர், பக்கத்தில் என்ன பயிர், எத்தனை நாளாகத் தண்ணீர் இல்லை. வேறொன்றும் எழுதவில்லை. யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம் என்று முதலாளியிடம் கேட்டுக்கொண்டேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்தது.

முதலில் வந்தவர் கருமத்தம்பட்டிக்காரர். மோட்டாரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டு உட்கார்ந்தார். டீ வந்தது. முதலாளி பழக்க தோஷத்தில் ஸ்பானரோடு வந்தார். வந்தவர் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். டம்ளர் பாதியில் நின்றது.

"ஏனுங்க, அன்னூர்க்காரரு தென்னைக்கு ஒம்பது நாளா தண்ணி இல்லீங்களா?"

"ஆமாங்க."

"அட, அப்ப நம்முளுதை எதுக்குங்க இப்பத் தொடுறீங்க? அதை முதல்ல முடிச்சு அனுப்புங்க. நமக்குப் பக்கத்துத் தோட்டத்துல ரெண்டு நாளைக்குத் தண்ணி உடுவாங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன், சிரித்துவிடுவேன் என்ற பயத்தில்.

அந்த வாரம் நான் திட்டமிடாத ஒன்றும் நடந்தது. பெஞ்சில் ஒரே சமயத்தில் மூன்று பேர் உட்கார்ந்தால் அவர்களே வரிசையைப் பேசி மாற்றினார்கள். மாடு வைத்திருப்பவரை முன்னால் விட்டார்கள். சோளம் அறுவடைக்கு நின்றவர் தானே சாக்பீஸ் வாங்கி, தன் ஊரை அழித்துக் கடைசியில் எழுதினார். ஒருவரை ஒருவர் "நீங்க முதல்ல", "இல்லீங்க, நீங்க" என்று உபசரித்ததில் ஒரு மோட்டாருக்கு உரிமையாளரே இல்லாமல் போய்விடுமோ என்று எனக்குக் கவலையாகிவிட்டது. ஃபிட்டர் ஒரு மோட்டாரை எடுத்தால் பூட்டி, ஓட்டிப் பார்த்து, வண்டியில் ஏற்றியபிறகுதான் கையைத் துடைத்தார். பேரிங் தேடுவது நின்றது. இரண்டாவது வாரம் பட்டறையின் தரை தெரிந்தது. அது சிவப்பு ஆக்சைடு போட்ட தரை என்று அங்கே வேலை செய்கிறவர்களுக்கே மறந்திருந்தது.

ஆனால் என்னைப் பற்றி முதலாளி ஒன்றும் பேசவில்லை. வாங்க என்றார், போய்ட்டு வாங்க என்றார், அவ்வளவுதான். இன்னும் வேண்டுமா, இதோடு போதுமா என்று நானும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டும் என்றுதான் சொல்வார். அந்த வேண்டும் எனக்குப் பயன்படாது.

ஆடியின் கடைசி நாள் விடைபெறப் போனேன். அவர் போனில் இருந்தார். நின்றபடி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த என் கார்டைப் பார்த்தேன். பாய் விட்டுவைத்த வெள்ளை வரியில் நீல பால்பாயிண்டில் ஏதோ எழுதியிருந்தது. குனிந்து படித்தேன். "செவ்வாய், காலை பத்து."

போனை வைத்ததும் அது என்னவென்று கேட்டேன்.

"உங்க நாளுங்க. வாரத்துக்கு ஒருக்கா வந்தாப் போதுமல்லங்க? கூலியும் பேசோணும்." பிறகு கொஞ்சம் சங்கடமாகத் தலையைச் சொறிந்தார். "இன்னொண்ணுங்க. பெரியநாயக்கன்பாளையத்துல நம்ம மச்சான் வார்ப்படம் வெச்சிருக்கான். அவனுக்கும் நீங்க வேணுமாமுங்க. உங்களைக் கேக்காம சரின்னுபோட்டேன். நேருல வந்து உக்காந்துட்டானுங்க, என்ன பண்றது?"

பேனாவை வாங்கி நோட்டின் முதல் பக்கத்தில் இருந்த நிபந்தனைக்கு எதிரே டிக் போட்டேன். அந்த நோட்டிலேயே கேள்விக்குறியாக மாறாத முதல் டிக் அது.

மேனேஜருக்குச் சொல்ல வேண்டியது மட்டும் பாக்கி. பட்டறை போனிலிருந்தே கூப்பிட்டேன். முதலாளியும் ஃபிட்டரும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். சாரின் உடல்நலம் விசாரித்தேன், அவர் செய்த உதவியைச் சொன்னேன், அந்த இடத்தை எனக்காக வைத்திருந்ததற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை என்றேன். மூன்று நிமிடம் பேசியிருப்பேன். அவர் பட்டறைக்கே கேட்கிற குரலில் மகிழ்ச்சியாக, "ரொம்ப சந்தோசம்மா, அப்ப திங்கக்கெழமை வந்துரு" என்று வைத்துவிட்டார்.

ஃபிட்டர் பெஞ்சிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். முதலாளி சிரிப்பினூடே எழுந்து வந்து போனை என் பக்கம் மறுபடி தள்ளினார்.

"வியாழக்கெழமைதானுங்கன்னு என்னையச் சொல்லச் சொன்னீங்களே அம்மணி. இப்ப நீங்க சொல்லுங்க பாப்போம்."

அவர்களைப் பார்த்தால் முடியாது என்று சுவரின் பக்கம் திரும்பி நின்று எண்களைச் சுழற்றினேன். மேனேஜர் எடுத்ததும், நலம் விசாரிப்பதற்கு முன்னால், "சார், நான் திரும்பி வரலீங்க" என்றேன். அவர், "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமல்ல கண்ணு" என்று சிரித்தார்.

நான் திரும்பியபோது முதலாளி வாசலில் நின்று எதிர்க்கடைக்கு மூன்று டீ சொல்லிக்கொண்டிருந்தார்.