மசக்கைக்கு ஒரு செம்புக் குண்டு

மசக்கைக்காரிகள் மாங்காய் கேட்பார்கள், சாம்பல் கேட்பார்கள். நான் மான்கறி கேட்டேன். அதுவும் டெக்சாஸில், ரவுண்ட் ராக்கில், சோறு வேகிற வாசனை வந்தாலே பாத்ரூமுக்கு ஓடிக்கொண்டிருந்த நாட்களில்.

நான் பல் டாக்டர். கிளினிக்கில் ரிசெப்ஷனில் இருக்கும் பெண் ஒரு மதியம், புருஷன் சுட்ட மானைச் சமைத்து டப்பாவில் கொண்டுவந்து சூடு பண்ணினாள். வாசனை வந்தது. குமட்டவில்லை. வாயில் எச்சில் ஊறியது! கல்யாணமாகி வெகுகாலம் காத்திருந்து தங்கிய பிள்ளை. மூன்று மாதமாக ரொட்டியும் ஐஸ் தண்ணீரும்தான், அதுவும் பாதி நாள் வயிற்றில் நிற்காது. எடை இப்படியே இறங்கினால் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து டிரிப் ஏற்ற வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்கு உள்ளூரப் பயம். ஆனாலும் அந்த டப்பாவில் கை வைக்கவில்லை. நம் முறைப்படி அறுக்காத கறி.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். "என்னங்க, எனக்கு மான்கறி வேணும். ஹலாலா வேணும்."

என் வீட்டுக்காரர் ஹலால் கடைக்கு போன் போட்டார். கடைக்காரர் சிரித்துவிட்டு, ஆட்டுக்கால் இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டாராம்.

என் வீட்டுக்காரருக்கு ஆபீஸ் நண்பன் ஒருவன் உண்டு. மயிலாப்பூர்க்காரன். முட்டை போட்ட கேக்கைக் கண்டாலே ஒதுங்கிப் போகிற சுத்த சைவம். ஆனால் சனிக்கிழமை தவறாமல் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய், பறக்கவிடும் களிமண் தட்டுகளை ஷாட்கன்னால் சுட்டுத் தூளாக்குவான். "தட்டுக்கு உயிர் இல்லையே அண்ணி" என்பான். என் வீட்டுக்காரரையும் இழுத்துப்போய்ச் சுடப் பழக்கி, வேட்டை லைசன்ஸ் வரை எடுக்க வைத்தவன் அவன்தான். துப்பாக்கியும் அவனுடையதே.

வேட்டைக்கு இடம் என் கைராசியில் கிடைத்தது. என்னிடம் பல் கட்டிக்கொண்ட வெள்ளைக்கார அம்மா ஒருவர் ஊருக்கு வெளியே பூசணித் தோட்டம் வைத்திருந்தார். காட்டுப்பன்றிகள் அதை உழுது நாசம் பண்ணிக்கொண்டிருந்தன. முதலில் பன்றியைச் சுடுங்கள், அப்புறம் ஒரு மானை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். சுற்றிலும் வீடுகள் வந்துவிட்டதால் ரைஃபிள் கூடாது, அதன் குண்டு வெகுதூரம் போகும், ஷாட்கன் மட்டும்தான் என்றும் சொன்னார். பன்றிக்கறியை யார் எடுத்துப்போவீர்கள் என்று கேட்டார். ஒருத்தர் பன்றியைத் தொட மாட்டார், இன்னொருத்தர் எதையுமே தொட மாட்டார் என்றேன். நான் கட்டிய பல் கழன்று விழுந்துவிடுமோ என்று நானே பயப்படும் அளவுக்குச் சிரித்தார்.

அன்றிலிருந்து எங்கள் டைனிங் டேபிளில் ஸ்லக் ஆராய்ச்சி. ஸ்லக் என்றால், தோட்டாவுக்குள் பொடி ரவைகளுக்குப் பதிலாக ஒரே ஒரு தடிக் குண்டு. பெண் பார்க்கப் போனவர்கள் மாதிரி இரண்டு பேரும் ஒவ்வொரு தோட்டா டப்பாவையும் உருட்டிப் பார்த்தார்கள். பன்றியின் தோள் கெட்டியானது, உள்ளே இறங்கக் கனம் வேண்டும் என்பான் அவன். மானுக்கு அவ்வளவு கனம் எதற்கு, கறி சிதறிப்போகும் என்பார் இவர். ரிவ்யூ படித்தே விடிந்துவிடும் போலிருந்தது. "கல்யாணத்துக்கு முன்னாடி என்னைப் பத்தி இவ்வளவு விசாரிச்சீங்களா?" என்று கேட்டேன். இவர் அடுத்த டப்பாவை எடுத்தார். கடைசியில் பன்றிக்கும் மானுக்கும் சேர்த்து ஒரே கனத்த ஈயக் குண்டு என்று முடிவாயிற்று.

முதல் தடவை போனபோதே இவர் சுட்டதில் ஒரு பெரிய பன்றி விழுந்தது. தோட்டக்கார அம்மா ஆள் விட்டு அதை எடுத்துக்கொண்டார். வாக்கு வாக்குதான், அடுத்த வாரம் மான் என்றார். எனக்கு அன்றைக்கே பாதிப் பசி வந்துவிட்டது.

மறுநாள் நண்பன் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தான். பன்றியைத் துளைத்துப்போய் மண்ணில் புதைந்த குண்டைத் தோண்டி எடுத்திருந்தான். நான் திரும்புவதற்குள் அதை என் சமையலறைத் தராசில், பிரியாணிக்கு மசாலா நிறுக்கும் தராசில், வைத்துவிட்டான்.

"யா அல்லாஹ்! பன்னிக்குள்ள போயிட்டு வந்ததை எங்க வைக்கிற?"

"கழுவிட்டேன் அண்ணி, ரெண்டு வாட்டி!"

"பன்னி பட்டா ஏழு வாட்டி கழுவணும்! அதுல ஒரு வாட்டி மண்ணு போட்டுக் கழுவணும்!"

என் வீட்டுக்காரர் பூந்தொட்டி மண்ணை அள்ள ஓடினார். நான் கத்தினேன், நண்பன் கையைப் பிசைந்தான். ஆனால் அவன் கண் மட்டும் தராசை விட்டு நகரவில்லை.

"மச்சி, டப்பாவுல போட்ட வெயிட்டுக்குக் குறையுதுடா."

"மண்ணுல தேஞ்சிருக்கும்."

"இவ்ளோவா? மீதி எங்கடா போச்சு?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மீதி கறிக்குள் போயிருக்கிறது. பொடிப்பொடியாக, கண்ணுக்குத் தெரியாமல். மானுக்கும் இதே குண்டுதான். வயிற்றுப் பிள்ளைக்கும் ஈயத்துக்கும் ஆகாது என்று எனக்குத் தெரியாதா? படித்திருக்கிறேன். ஆனால் ஆசை கண்ணை மறைத்துவிட்டது. கை தானாக வயிற்றுக்குப் போனது. அழுகை வந்துவிட்டது. மான்கறி வேண்டாம், டிரிப்பே ஏற்றிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். தராசு அந்த ஏழு குளியலில் உயிரை விட்டது.

ஆனால் ஆண்கள் இரண்டு பேரும் விடவில்லை. செம்புக் குண்டு என்று ஒன்று இருக்கிறதாம். சிதறாமல் இதழ் விரிந்து அப்படியே நிற்குமாம். வாங்கிக்கொண்டு ரேஞ்சுக்குப் போனார்கள், தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தார்கள். குண்டு கரணம் போட்டு, குறிக்கு வைத்த பேப்பரில் குறுக்காக விழுகிறதாம். அந்தக் குண்டு சுழன்றுகொண்டே பறந்தால்தான் நேராகப் போகும். அதற்கு உள்ளே திருகு வரி வெட்டிய பேரல், அதாவது குழல், வேண்டும். நண்பனின் துப்பாக்கியில் இருந்ததோ வழவழப்பான பேரல்.

இரண்டு நாள் கழித்து நண்பன் வந்தான். கையில் ஒரு நீளமான பொட்டலம், மேலே தாம்பூலத் தட்டு, தட்டில் வெற்றிலைக்குப் பதிலாகக் கீரைக்கட்டு.

"இது என்ன?"

"சீர், அண்ணி. உங்களுக்கு இங்க அண்ணன் தம்பி யாரும் இல்லையே. குழந்தைக்கு நான்தான் மாமன். மாமன் சீர் இல்லாம எப்படி?"

பிரித்துப் பார்த்தால் திருகு வரி வெட்டிய புதுப் பேரல். உலகத்திலேயே துப்பாக்கிக் குழலைச் சீராக வாங்கிய கர்ப்பிணி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சிரித்துச் சிரித்து, வாந்தி வராமல் கண்ணில் தண்ணீர் வந்தது அன்றைக்குத்தான்.

மான் வேட்டைக்கு நானும் போனேன். தோட்டக்கார அம்மாவின் டிரக்கில், தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தேன். குறி தவறாதவன் நண்பன்தான், ஆனால் உயிர் எடுக்க மாட்டான். பிஸ்மில்லாஹ் சொல்லிச் சுட வேண்டியவர் என் வீட்டுக்காரர், அவருக்கோ குறி நிலைக்கவில்லை. நண்பன் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "மூச்சை விடு, இப்ப பிடி, மெதுவா, மெதுவாடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். வெடித்தது. மான் விழுந்தது. இவர் கத்தியோடு ஓடினார், உயிர் இருக்கும்போதே அறுத்தார். நண்பன் முதுகைத் திருப்பிக்கொண்டு கண்ணை இறுக்க மூடி நின்றான். "ஆச்சா? ஆச்சாடா? குண்டு எங்க பட்டுது?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான்.

குழம்பை ஆணம் என்போம் எங்கள் நாகப்பட்டினத்துப் பக்கம். மான்கறி ஆணத்தை நான் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரர் வைத்தார். நண்பன் ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு, மூக்கில் கர்ச்சீப்போடு ஹாலின் மூலையில் உட்கார்ந்திருந்தான். போகச் சொன்னாலும் போகவில்லை.

சாப்பிட்டேன். கொஞ்சமாகத்தான். சாப்பிட்டு முடித்ததும் என் வீட்டுக்காரர் பாத்ரூம் கதவைத் திறந்து வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றார். நண்பன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் எனக்குள் கவனித்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. வயிறு அமைதியாக இருந்தது. அப்புறம், எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு, நிஜமாகவே பசித்தது.

"இன்னும் கொஞ்சம் போடுங்க" என்றேன்.

என் வீட்டுக்காரர் ஓர் அடி எடுத்து வைத்தார், முகத்தை மூடிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து தேம்ப ஆரம்பித்துவிட்டார். சட்டியை எடுக்க ஆளில்லை.

மூலையிலிருந்து நண்பன் எழுந்து வந்தான். கர்ச்சீப்பைச் சட்டைப் பைக்குள் வைத்தான். பிறந்ததிலிருந்து கறி இருக்கும் பாத்திரத்தைத் தொட்டிராதவன், கரண்டியைப் பிடித்து, பெரிய துண்டாகத் தேடி, என் தட்டில் வைத்தான்.

"சாப்பிடுங்க அண்ணி, இன்னும் நிறைய இருக்கு" என்றான்.